சர்கோதா குடும்பத்துப் பிள்ளை

1971 போரில் 21 வயதில் உயிர்விட்ட செகண்ட் லெப்டினென்ட் அருண் கேத்ரபாலின் கதையில், டாங்கிச் சண்டையைவிடப் பெரிய பங்கு அவரைப் பெற்றவர்களுடையது.

அகமதுநகரிலிருந்து டெல்லி வீட்டுக்கு வந்து சேர்ந்த மகனின் சாமான்களைப் பார்த்த அம்மாவுக்கு ஆச்சரியம். போர்முனைக்குக் கிளம்பியிருக்கிற பிள்ளை, கூடவே கோல்ஃப் மட்டைகளையும் விருந்துகளில் அணியும் நீலநிறச் சீருடையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். இதெல்லாம் அங்கே எதற்கு என்று கேட்டார். லாகூரில் கோல்ஃப் ஆடப்போகிறேன், ஜெயித்தவுடன் அங்கே விருந்து இல்லாமலா இருக்கும், அதற்கு நல்ல உடுப்பு வேண்டாமா என்று பதில் வந்தது.

இருபத்தொரு வயதின் தெனாவட்டு அது. அதை வீரம் என்று பெரிதாக்கவும் வேண்டாம், விளையாட்டுத்தனம் என்று ஒதுக்கவும் வேண்டாம். ராணுவத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. டாங்கிப் படையின் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி வகுப்பைக்கூட முடிக்கவில்லை. பாதியில் நிறுத்தி, அவரவர் ரெஜிமென்ட்டுக்குத் திரும்புங்கள் என்று உத்தரவு வந்துவிட்டது. போகிற வழியில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு வீட்டில் தலைகாட்டினார் அருண். உன் தாத்தாவும் சண்டை போட்டவர், அப்பாவும் சண்டை போட்டவர், நீயும் சிங்கம்போலப் போரிடு, கோழையாகத் திரும்பி வராதே என்று அம்மா மகேஸ்வரி சொல்லி அனுப்பினார்.

புறநானூற்றுத் தாய்மார்களைப் படித்து வளர்ந்த நமக்கு இந்த வார்த்தைகள் புதிதல்ல. ஆனால் பாட்டில் படிப்பது வேறு. சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சொந்த மகனிடம் சொல்வது வேறு. மகேஸ்வரி அதைச் சொன்னார். அதன்பிறகு வாழ்நாள் முழுக்க அந்த வார்த்தைகளோடு இருந்தார்.

நான்கு தலைமுறை, மூன்று கொடி

கேத்ரபால் குடும்பத்தின் பூர்வீகம் சர்கோதா. இன்றைக்குப் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் இருக்கிறது. அருணின் கொள்ளுத்தாத்தா சீக்கியர்களின் கால்சாப் படையில் இருந்தவர். இரண்டாவது ஆங்கிலோ-சீக்கியப் போரில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்துக்குப் பெருத்த உயிர்ச்சேதத்தை உண்டாக்கிய சில்லியன்வாலா சண்டையில், வெள்ளைக்காரர்களை எதிர்த்து நின்றவர். தாத்தாவோ முதல் உலகப் போர்க் காலத்தில் அதே வெள்ளைக்காரர்களின் ராணுவத்தில் பணியாற்றினார். அப்பா மதன்லால் கேத்ரபால் ராணுவப் பொறியாளர் படையில் அதிகாரியாகி, சுதந்திர இந்தியாவில் பிரிகேடியர் பதவி வரை உயர்ந்தார்.

கொள்ளுத்தாத்தா ரஞ்சித் சிங் வளர்த்த படையில், தாத்தா ஆங்கிலேயப் பேரரசின் படையில், அப்பாவும் மகனும் இந்தியப் படையில். கொடிகள் மாறிக்கொண்டே இருந்தன, வேலை மாறவில்லை. 'ராணுவக் குடும்பம்' என்று பத்திரிகைகளில் ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகிறோம். பஞ்சாபில் அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு வரலாறும், 1947-ல் நடுவில் கிழிந்த ஒரு மண்ணும் இருக்கின்றன. பிரிவினையில் லட்சக்கணக்கான பஞ்சாபிகளைப்போல கேத்ரபால் குடும்பத்துக்கும் சொந்த ஊர் அந்நிய நாடானது.

பிரிவினைக்கு மூன்று வருஷம் கழித்து, 1950 அக்டோபர் 14 அன்று, புனேயில் பிறந்தார் அருண். சர்கோதா அவருக்குப் பெரியவர்கள் பேசிக் கேட்ட ஊர் மட்டுமே. அப்பாவின் பணியிட மாற்றங்களுக்கேற்ப ஊர் ஊராகப் போகும் பிள்ளைகளுக்கு வழக்கமான தீர்வு விடுதிப் பள்ளி. இமாசலத்தின் சனாவரில் உள்ள லாரன்ஸ் பள்ளியில் படித்தார். 1967-ல் புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்து, அங்கே தம் ஸ்குவாட்ரனின் மாணவர் தலைவரானார். பிறகு டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி. 1971 ஜூன் 13 அன்று செகண்ட் லெப்டினென்ட்டாக '17 பூனா ஹார்ஸ்' ரெஜிமென்ட்டில் நுழைந்தார்.

அந்த ரெஜிமென்ட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1965 போரில் அதற்குத் தளபதியாக இருந்த லெப்டினென்ட் கர்னல் தாராபூர், சாவிண்டா பகுதியில் நடந்த டாங்கிச் சண்டையில் உயிர்விட்டு, பரம் வீர் சக்ரா பெற்றவர். ஆறே வருஷத்துக்கு முந்தைய நினைவு. அவரோடு சண்டையிட்டவர்கள் பலர் 1971-லும் அங்கே பணியில் இருந்தார்கள். புதிதாக வந்து சேரும் ஓர் இளைஞன் எந்தக் கதைகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்திருப்பான் என்பதை ஊகிக்கலாம்.

ஷகர்கர்

வரைபடத்தில் பார்த்தால், ராவிக்கும் செனாபுக்கும் நடுவே பாகிஸ்தானின் நிலம் ஓரிடத்தில் இந்தியாவுக்குள் புடைத்துக்கொண்டு நிற்கும். அதுதான் ஷகர்கர். அங்கிருந்து ஒரு வேகமான தாக்குதல் நடந்தால், பதான்கோட்டிலிருந்து ஜம்முவுக்குப் போகும் சாலை துண்டிக்கப்படும். ஜம்மு காஷ்மீருக்கு அன்று முக்கியமான நிலவழித் தொடர்பு அந்தச் சாலைதான். அதனால் 1971 டிசம்பர் 3 அன்று மேற்கில் போர் தொடங்கியதும், பாகிஸ்தான் அடிப்பதற்கு முன்னால் நாமே உள்ளே புகுந்துவிடுவது என்று முடிவெடுத்து இந்தியப் படை அங்கே முன்னேறியது.

பிரிவினைக்கு முன்பு இந்த ஷகர்கர், குர்தாஸ்பூர் மாவட்டத்தின் ஒரு தாலுகா. ராட்கிளிஃப் போட்ட கோட்டில் குர்தாஸ்பூரின் மற்றப் பகுதிகள் இந்தியாவுக்கு வந்தன, ஷகர்கர் மட்டும் பாகிஸ்தானுக்குப் போனது. கேத்ரபால் குடும்பம் விட்டுவந்த அதே மேற்குப் பஞ்சாபுக்குள், அந்தக் குடும்பத்தின் பிள்ளை டாங்கியில் ஏறித் திரும்பிப் போனான்.

பசந்தர் என்பது ராவியில் கலக்கும் சிற்றாறு. டிசம்பர் 15 இரவு, 47-வது காலாட்படை பிரிகேட் அதைத் தாண்டி அக்கரையில் கால் ஊன்றியது. தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இதில் உண்டு. அந்த பிரிகேடில் குன்னூர் வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 16-வது பட்டாலியனும் இருந்தது. சராஜ் சக் என்ற இடத்தைப் பிடித்தவர்கள் அவர்கள்தான். அவர்களது தளபதி லெப்டினென்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய் அந்தச் சண்டையில் உயிரிழந்து, மகா வீர் சக்ரா பெற்றார். பக்கத்து கிராமமான ஜார்பாலை 3-வது கிரனேடியர்ஸ் பிடித்தது. தென்கோடியிலிருந்து போன பையன்கள் அந்தக் குளிரில், கேத்ரபாலின் டாங்கிகள் எப்போது வந்துசேரும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

டாங்கிகள் வருவதற்குத் தடையாக இருந்தது ஆற்றங்கரையின் கண்ணிவெடி வயல். பொறியாளர் படை இரவெல்லாம் பாதை வெட்டிக்கொண்டிருந்தது. அருணின் அப்பா பணியாற்றிய அதே படை. வேலை பாதிதான் முடிந்திருந்தது. அதற்குள் அக்கரையிலிருந்து, எதிரியின் டாங்கிகள் நடமாடும் சத்தம் கேட்கிறது, உடனே வாருங்கள் என்று செய்தி. பூனா ஹார்ஸின் தளபதி லெப்டினென்ட் கர்னல் ஹனூத் சிங், மிச்சமிருக்கும் கண்ணிவெடிகளின் மேலேயே போகலாம் என்று உத்தரவிட்டார். டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக அக்கரை சேர்ந்தன.

டிசம்பர் 16, காலை

அருணின் டாங்கி ஒரு செஞ்சூரியன். அதற்கு 'ஃபாமகுஸ்டா' என்று பெயர். உள்ளே நான்கு பேர். ஓட்டுநர் பிரயாக் சிங் கீழே முன்பக்கம். சுடுநர் நத்து சிங் பீரங்கியின் குறிபார்க்கும் கண்ணாடியில் கண்ணை ஒட்டியபடி. வயர்லெஸ்ஸைக் கவனித்துக்கொண்ட நந்த் சிங் அவர்களுக்கு அருகே. தளபதியான அருண் மேலே, கோபுரத்துக்குள் நின்றபடி. வெளியே தலையை நீட்டினால் நன்றாகப் பார்க்கலாம், ஆனால் குண்டு படலாம். தலையை உள்ளிழுத்தால் பாதுகாப்பு, ஆனால் சிறு ஜன்னல் வழியாகத் தெரிவது மட்டும்தான் உலகம். இன்ஜின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது, காதுக் கருவி வழியாகத்தான் பேச்சு. ஒவ்வொரு முறை சுடும்போதும் உள்ளே வெடிமருந்துப் புகை நெடியடிக்கும். ஐம்பது டன் இரும்பு என்று வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது கோட்டை. உள்ளே இருப்பவர்களுக்கு, சரியான இடத்தில் ஒரு குண்டு பட்டால் வெளியேற நொடிகள் மட்டுமே இருக்கும் ஒரு பெட்டி.

காலை எட்டு மணியளவில் பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் ரெஜிமென்ட், புகைத்திரையைப் போர்த்திக்கொண்டு பேட்டன் டாங்கிகளோடு ஜார்பாலை நோக்கி வந்தது. அங்கே நின்றிருந்த பூனா ஹார்ஸின் 'பி' ஸ்குவாட்ரன் எண்ணிக்கையில் குறைவு. துணை வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் அழைத்தது. வேறொரு ஸ்குவாட்ரனைச் சேர்ந்த அருண் பக்கத்தில்தான் இருந்தார், தம் டாங்கிகளோடு கிளம்பிவிட்டார். வழியில் எதிரியின் டாங்கி எதிர்ப்பு நிலைகளிலிருந்து சூடு விழுந்தது. அவற்றின் மீதே டாங்கிகளை ஏற்றி நசுக்கி, அங்கிருந்த சிலரைக் கைத்துப்பாக்கி முனையில் பிடித்து, அதன்பிறகுதான் சண்டை நடந்த இடத்தை அடைந்தார்.

கடைசிக் கட்டத்தில் அந்த முனையில் நின்றவை மூன்று இந்திய டாங்கிகள். கேப்டன் மல்கோத்ராவுடையது ஒன்று, லெப்டினென்ட் அலாவத்துடையது ஒன்று, அருணுடையது ஒன்று. அலாவத்தின் டாங்கி அடிபட்டது. மல்கோத்ராவின் பீரங்கி வேலை செய்யாமல் போனது. மிஞ்சியது ஃபாமகுஸ்டா. அதுவும் அடிபட்டுத் தீப்பிடித்தது. இறங்கிவிடு என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. முடியாது சார், டாங்கியை விட்டு இறங்க மாட்டேன், என் பீரங்கி இன்னும் சுடுகிறது என்பதுதான் அருண் கொடுத்த பதில்.

அந்தப் பதிலைப் பள்ளிப் பிள்ளைகள்கூட இன்று மேடையில் ஒப்பிக்கிறார்கள். ஒரு கணக்கும் அதற்குள் இருந்தது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. அவர் இறங்கியிருந்தால் அந்த இடத்தில் சுடக்கூடிய பீரங்கி எதுவும் இல்லை. பின்னால் காலாட்படை, அதற்குப் பின்னால் கண்ணிவெடிகளுக்கு நடுவே ஒரே ஒரு குறுகலான பாதை. ஆவேசத்தில் சொன்ன பேச்சு என்று மட்டும் அதை நினைக்க எனக்கு மனம் வரவில்லை. நிலைமை என்ன என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

எரிந்துகொண்டிருந்த டாங்கியிலிருந்து, நூறு மீட்டர் தூரத்துக்குள் வந்துவிட்ட இன்னொரு பேட்டனையும் அடித்தார்கள். அதன்பிறகு ஃபாமகுஸ்டாவின் மீது இரண்டாவது குண்டு விழுந்தது. அருணும் நந்த் சிங்கும் உயிரிழந்தார்கள், பிரயாக் சிங்கும் நத்து சிங்கும் பிழைத்தார்கள். அந்த மோதலில் வீழ்ந்த பத்து எதிரி டாங்கிகளில் நான்கு அருண் அடித்தவை என்கிறது விருதுக் குறிப்பு. பாகிஸ்தான் படையால் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

அன்று மாலைதான் டாக்காவில் ஜெனரல் நியாஸி சரணடைவு ஆவணத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் இரவு மேற்கிலும் போர் நின்றது.

டெல்லியில்

போர் நின்றுவிட்டது என்று வானொலி சொன்னதும் லட்சக்கணக்கான வீடுகளில் மூச்சு வந்தது. கேத்ரபால் வீட்டிலும் அப்படித்தான். மகன் எந்த நாளும் வந்துவிடுவான் என்று அறையைச் சுத்தம் செய்து வைத்தார்கள். அவனுடைய மோட்டார் சைக்கிளைச் சர்வீஸுக்குக் கொடுத்துத் தயார்நிலையில் நிறுத்தினார்கள். அம்மா பின்னாளில் நினைவுகூர்ந்தது இது.

அந்த நாட்களில் அவன் உயிரோடு இல்லை. டிசம்பர் 17 அன்றே சாம்பாவுக்கு அருகே தகனம் முடிந்திருந்தது. செய்தி வீட்டை வந்து அடையச் சில நாட்களாயிற்று. தபால் தந்தியை நம்பியிருந்த காலம். போர் முடிந்த மகிழ்ச்சியில் ஊரே இருக்கும்போது, ஏற்கெனவே எரியூட்டப்பட்ட பிள்ளைக்காக ஒரு தாய் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அந்த மோட்டார் சைக்கிளைத் தாண்டி என்னால் சுலபமாகப் போக முடியவில்லை. கோல்ஃப் மட்டையைக் கொண்டுபோனது மகனின் நம்பிக்கை என்றால், வண்டியைப் பழுதுபார்த்து வைத்தது பெற்றவர்களின் நம்பிக்கை.

1971 போருக்கு நான்கு பேருக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவர்களில் இருவர் ஜார்பால் சண்டையைச் சேர்ந்தவர்கள். ஒருவர் அருண். இன்னொருவர் கிரனேடியர்ஸின் மேஜர் ஹோஷியார் சிங். நால்வரில் உயிரோடிருந்து பெற்றவர் அவர் மட்டுமே. அதன்பிறகு அருணின் பெயர் பல இடங்களில் ஏறியது. கடக்வாஸ்லாவில் மாணவர்கள் பயிற்சி முடித்து அணிவகுத்து வெளியேறும் மைதானம் கேத்ரபால் மைதானம். ஃபாமகுஸ்டா அகமதுநகரில் டாங்கிப் படை மையத்தில் நிற்கிறது. ஸ்ரீராம் ராகவன் இயக்கிய 'இக்கீஸ்' என்ற இந்திப் படமும் இவரைப் பற்றியதுதான்.

பிடித்த நிலம் என்னாயிற்று? 1972 ஜூலையில் இந்திரா காந்தியும் பூட்டோவும் சிம்லா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சர்வதேச எல்லையைத் தாண்டிப் பிடித்த இடங்களிலிருந்து இரு தரப்பும் பின்வாங்கின. ஜார்பால் திரும்பவும் பாகிஸ்தானுக்குப் போயிற்று, இன்றும் அங்கேதான் இருக்கிறது. அப்படியானால் எதற்காகச் செத்தான் என்று ஒரு தகப்பன் கேட்டால், அது நியாயமான கேள்வி. ஜம்மு சாலை துண்டிக்கப்படவில்லை என்பது ராணுவம் தரும் பதில், சரியான பதிலும்தான். ஆனாலும் சரியான பதில் கிடைத்துவிட்டதால் ஒரு வீட்டில் துக்கம் குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்திலும் வீடுகள் இருந்தன. டிசம்பர் 17 அன்று ஜார்பாலை மீட்க வந்த பாகிஸ்தான் படையை முன்னின்று நடத்தியவர் லெப்டினென்ட் கர்னல் முகமது அக்ரம் ராஜா. இந்திய நிலைகளுக்கு முன்னால் அவர் விழுந்தார். அவரது துணிச்சலைப் பார்த்த கிரனேடியர்ஸ் தளபதி லெப்டினென்ட் கர்னல் வேத் பிரகாஷ் ஐரி, அதைப் பாராட்டி எழுதிக்கொடுத்தார். பிறகு ராஜாவுக்குப் பாகிஸ்தான் தன் இரண்டாவது உயரிய வீரவிருதான ஹிலால்-இ-ஜுரத்தை வழங்கியது. தன்னைக் கொல்ல வந்தவனின் வீரத்துக்குக் கைப்பட சாட்சி எழுதும் மனம் அந்த ஆற்றங்கரையில் இருந்திருக்கிறது.

லாகூரில்

2001-ல் பிரிகேடியர் மதன்லால் கேத்ரபாலுக்கு வயது 81. சாவதற்குள் பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. சர்கோதாவுக்குக் கிளம்பினார். லாகூரில் அவரை வரவேற்றுத் தம் வீட்டிலேயே தங்கவைத்தவர், பாகிஸ்தான் ராணுவத்தின் பிரிகேடியர் க்வாஜா முகமது நாசர். பயணத்துக்கான ஏற்பாடுகளையும் அவர் முன்னின்று கவனித்தார். சர்கோதா போய்ப் பழைய இடங்களைப் பார்த்துவிட்டுப் பெரியவர் லாகூர் திரும்பினார். அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த மரியாதை, விருந்தாளிக்குக் காட்டுவதைவிட அதிகமாகவே இருந்தது.

ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாசர் பேச்சை எடுத்தார். ரொம்ப வருஷமாக உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றிருக்கிறேன், எப்படி உங்களை எட்டுவது என்று தெரியவில்லை, இப்போது விதியே உங்களை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்று தொடங்கி, அந்த டிசம்பர் 16-ம் தேதிக்கு வந்தார். 13 லான்சர்ஸில் ஒரு ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கி எதிரில் நின்றது தாமே என்றார். உங்கள் மகன் இறந்தது என் கையால் என்றார்.

சுடப்பட்ட டாங்கியில் பிழைத்தவர்களும் வயர்லெஸ்ஸில் கேட்டவர்களும் சொன்னவற்றைத் தகப்பன் முப்பது வருஷமாகக் கேட்டிருந்தார். பீரங்கிக் குழலின் மறுமுனையிலிருந்து பார்த்தவர் சொல்லி அன்றுதான் கேட்டார். மகன் எவ்வளவு துணிவோடு நின்றான், அவனால் தங்கள் தாக்குதல் எப்படி நின்றுபோனது என்று, அவனை வீழ்த்தியவரே விவரித்தார். இருவரும் பஞ்சாபிகள், இருவரும் பிரிகேடியர்கள், வயதில் ஒருவர் மற்றவருக்குத் தகப்பன் ஸ்தானம். எழுந்து போக வேறு வீடு கிடையாது, அவருடைய உப்பைத் தின்று அவருடைய கூரையின் கீழ் படுத்திருக்கிறார். பெரியவர் கோபப்படவில்லை. அவரும் சிப்பாய், தம் கடமையைச் செய்தார் என்று ஏற்றுக்கொள்ளும் படிப்பு அந்தக் குடும்பத்துக்கு நான்கு தலைமுறையாக உண்டு. படிப்பு இருக்கிறது என்பதால் அந்த இரவு அவருக்குத் தூக்கம் வந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

விடைபெறும்போது இருவரும் சேர்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அது பின்னர் டெல்லிக்கு வந்துசேர்ந்தது. அதில் நாசர் எழுதியிருந்ததன் சாரம் இது: எங்கள் எதிர்த்தாக்குதலின் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே, கடக்க முடியாத பாறையாக நின்ற ஷஹீத் (தியாகி) செகண்ட் லெப்டினென்ட் அருண் கேத்ரபாலின் தந்தைக்கு. நாங்கள் படாபிண்ட் என்றும், பூனா ஹார்ஸ் பசந்தர் என்றும் குறிப்பிடும் அந்தச் சண்டையின் நினைவாக. கீழே க்வாஜா முகமது நாசர், 13 லான்சர்ஸ், லாகூர் என்று இருந்தது. தேதி 2001 மார்ச் 2.